பேட்ஜ் சொல்வது பாதிதான்: பழைய பிக்கப் டிரக்கைப் படிப்பது எப்படி?



முதலில் ஒரு சின்னக் கேள்வி. 1972-ம் வருட செவர்லே சி-10 பிக்கப் டிரக் ரெண்டு பக்கத்துல பக்கத்துல நிக்குதுன்னு வச்சுக்குங்க. முதல் வண்டியில் ரெட்டை நிறப் பெயின்ட், குரோம் பம்பர், நல்ல சீட் கவர், பக்கவாட்டில் ‘ஷையென்’ என்ற பேட்ஜ். இரண்டாவது வண்டியில் ஒரே நிறம், வெள்ளைப் பெயின்ட் அடித்த பம்பர், தரையில் வெறும் ரப்பர் பாய், பேட்ஜில் ‘கஸ்டம்’. ஈரமான வயலில் ஒரு டன் டிரெய்லரை இழுக்கணும். எந்த வண்டியை எடுப்பீங்க?

பெரும்பாலானவர்கள் முதல் வண்டியைத்தான் காட்டுவார்கள். டாப் மாடல் என்றால் எல்லாத்திலும் டாப் என்று நமக்குப் பழகிவிட்டது. ஷோரூமுக்குப் போனால் ‘பேஸ் மாடலா, டாப் எண்டா?’ என்று கேட்கிறார்கள். டாப் எண்டில் சன்ரூஃபும் வரும், பெரிய டச் ஸ்கிரீனும் வரும், சில சமயம் பெரிய இன்ஜினும் சேர்ந்தே வரும். ஆனால் 1960, 70-களின் அமெரிக்க பிக்கப் டிரக்குகளில் கணக்கே வேற. நான் மேலே சொன்ன தகவலை வைத்து அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இந்தப் பாடம்.

டிரிம் வேற, ஆப்ஷன் வேற

இரண்டு சொற்களை முதலில் பிரிச்சு வச்சுக்கலாம்.

டிரிம் என்பது வண்டியின் உடுப்பு. சீட் துணி, கதவின் உள்பக்கப் பலகை, கண்ணாடியைச் சுற்றியுள்ள பளபளப்பான பட்டை, குரோம் பம்பர், பேட்ஜ் எல்லாம் இதில் அடங்கும். ஒவ்வொரு டிரிமுக்கும் ஒரு பெயர் உண்டு.

ஃபேக்டரி ஆப்ஷன் என்பது தொழிற்சாலையிலேயே பொருத்தச் சொல்லி, தனித்தனியாக விலை கொடுத்து வாங்கும் பாகம். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் விகிதம், பவர் ஸ்டீயரிங், ஏசி, ரேடியோ, கனமான ஸ்பிரிங் என்று பட்டியல் நீளும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்து, எண்கள் கொண்ட ஒரு குறியீடு வைத்திருந்தது. ‘ஆர்.பி.ஓ.’ கோடு என்று சொல்வார்கள். சிலவற்றைப் பாருங்க:

• சி60: ஏர் கண்டிஷனர்
• என்40: பவர் ஸ்டீயரிங்
• யு63: ஏ.எம். ரேடியோ
• ஜி80: ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொன்றுக்குத் திறன் போகும்படி செய்யும் டிஃபரன்ஷியல்

வாங்குபவர் டீலரிடம் உட்கார்ந்து ஆர்டர் படிவத்தை நிரப்புவார். அரை டன்னா, முக்கால் டன்னா, ஒரு டன்னா? (சி-10, சி-20, சி-30 என்ற பெயர்கள் இதைத்தான் சொல்கின்றன.) இரண்டு சக்கர இயக்கமா, நான்கு சக்கர இயக்கமா? (முன்னதுக்கு ‘சி’, பின்னதுக்கு ‘கே’.) வீல்பேஸ் 115 அங்குலமா, 127 அங்குலமா? எந்த இன்ஜின், எந்த கியர், எந்த ஆக்ஸில்? இதற்கெல்லாம் பக்கத்தில் இன்னொரு கட்டமாகத்தான் டிரிம் வரும். அதாவது டிரிம் என்பது பல கேள்விகளில் ஒன்று. மற்ற கேள்விகளுக்கான பதிலை அது பெரும்பாலும் தீர்மானிக்காது.

அதனால்தான், ரப்பர் பாய் போட்ட ‘கஸ்டம்’ வண்டி கனமான ஆக்ஸிலோடும் ஜி80-யோடும் வந்திருக்கலாம். பளபளக்கும் ‘ஷையென்’ சாதாரண டிஃபரன்ஷியலோடு நகரத்துக்குள்ள ஓடுறதுக்காகவே ஆர்டர் செய்யப்பட்டிருக்கலாம்.

உடுப்பு எப்போது வந்தது?

பிக்கப் டிரக் ஆரம்பத்தில் வேலைக்கான கருவி மட்டும்தான். 1947-ல் வந்த செவர்லேயின் ‘அட்வான்ஸ் டிசைன்’ டிரக்குகளில் ஹீட்டரும் ரேடியோவும்கூட தனிக் காசு. அந்த வரிசையிலேயே ‘டீலக்ஸ் கேப்’ என்று ஒன்று இருந்தது. அதை வாங்கினால் கேபினின் பின் மூலைகள் இரண்டிலும் கூடுதலாக வளைந்த கண்ணாடி கிடைக்கும். இன்றைக்கும் ரசிகர்கள் அதை ‘ஐந்து ஜன்னல் டிரக்’ என்று தேடிப் பிடிக்கிறார்கள்.

1955-ல் ‘கேமியோ கேரியர்’ வந்தது. அதுவரை பிக்கப்பின் பின் பெட்டி தனியாக, சக்கர மட்கார்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கேமியோவில் பெட்டியின் வெளிப்புறத்தை ஃபைபர் கிளாஸ் பலகைகளால் மூடி, கேபினோடு ஒரே மட்டமாக இழைத்தார்கள். கார் மாதிரி வழவழப்பாக இருந்தது. அந்தப் பலகைகளைச் செய்தது, கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபைபர் கிளாஸ் உடல் பாகங்கள் செய்துகொடுத்த ஒஹாயோ மாநில நிறுவனம்தான்.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: கேமியோவின் சட்டகம் சாதாரண அரை டன் டிரக்கின் சட்டகமே. வி-8 இன்ஜின் வேணும்னா அதுவும் தனி ஆப்ஷன். இல்லைன்னா வழக்கமான ஆறு சிலிண்டர் இன்ஜின்தான். அன்றைக்கு செவர்லே விற்ற மிக அழகான டிரக், மிகச் சாதாரணமான இயந்திரத்தோடு கிடைத்தது. தோற்றமும் இயக்கமும் தனித்தனி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

1967-ல் வந்த புதிய வரிசையில் ‘கஸ்டம் ஸ்போர்ட் டிரக்’, சுருக்கமாக சி.எஸ்.டி., மேல்தட்டு டிரிமாக இருந்தது. 1971-ல் அந்த இடத்துக்கு ‘ஷையென்’ வந்தது. இவ்வளவு உடுப்பு வந்த பிறகும், இந்தக் காலத்து டிரக்கில் பின் பம்பர் தனி ஆப்ஷன் என்றால் நம்புவீர்களா? அதுதான் உண்மை.

பெயர்கள் இறங்கும் படிக்கட்டு

சரி, பேட்ஜை வைத்து தோற்றத்தையாவது சொல்லிவிடலாமா? அதற்கும் வருடம் தெரியணும். செவர்லேயின் பெயர்கள் நகர்ந்த விதத்தைப் பாருங்க.

1971: கீழே கஸ்டம், நடுவில் கஸ்டம் டீலக்ஸ், மேலே ஷையென். சீக்கிரமே அதற்கும் மேலே ‘ஷையென் சூப்பர்’.

1975: கஸ்டம் டீலக்ஸ் கீழ்ப்படிக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஸ்காட்ஸ்டேல், ஷையென், உச்சியில் சில்வராடோ.

1982: ஷையென் பெயரே பட்டியலில் இல்லை.

1988: ஷையென் திரும்பி வந்தது, ஆனால் அடிமட்ட டிரிமாக!

1971-ல் ‘ஷையென்’ என்றால் டாப் எண்டு. 1988-ல் அதே பெயர் பேஸ் மாடல். சில்வராடோவின் கதை வேற மாதிரி. 1975-ல் டிரிமாகப் பிறந்த பெயர், 1999 மாடலில் வண்டியின் பெயராகவே மாறிவிட்டது. அப்புறம் கீழ்மட்ட வண்டியும் சில்வராடோ, மேல்மட்ட வண்டியும் சில்வராடோ.

ஃபோர்டிலும் இதே கதைதான். ‘ரேஞ்சர்’ முதலில் எஃப் வரிசை டிரக்கின் உயர்ந்த டிரிம். 1970-ல் ‘ரேஞ்சர் எக்ஸ்.எல்.டி.’ அதைத் தாண்டி மேலே போனது. 1978-ல் ‘லாரியட்’ அதற்கும் மேலே. கடைசியில் 1983 மாடலில் ரேஞ்சர் என்பது ஒரு தனிச் சிறிய டிரக்கின் பெயராகிவிட்டது.

ஏன் இப்படி நடக்குது? புதுசா உச்சியில் ஒரு பெயரைச் சேர்த்தால் பழைய உச்சி தானாக ஒரு படி இறங்கும். நேற்றைய ஆடம்பரம் இன்றைக்கு எல்லாருக்கும் பழகிப்போனதும், புது ஆடம்பரத்துக்குப் புதுப் பெயர் தேவைப்படுகிறது. வருடம் தெரியாமல் பேட்ஜைப் படிப்பது, யூனிட் எழுதாத விடையைத் திருத்துவது போல.

ஆக்ஸில் விகிதம்: பேட்ஜில் எழுதாத பெரிய விஷயம்

இப்போ கொஞ்சம் கணக்கு. டிரக்கின் குணத்தை அதிகம் மாற்றும் ஆப்ஷன்களில் ஒன்று பின் ஆக்ஸிலின் விகிதம். கிரவுன் வீலின் பற்களை பினியனின் பற்களால் வகுத்தால் அது கிடைக்கும். 41 பல் கிரவுன், 11 பல் பினியன் என்றால் 41 ÷ 11 = 3.73.

அந்தக் காலத்து சி-10 டிரக்குகளில் 3.07, 3.73, 4.11 போன்ற விகிதங்கள் உண்டு. சக்கரத்தின் வெளி விட்டம் 28 அங்குலம் என்று எடுத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். மணிக்கு 90 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,500 மீட்டர். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 671 சுற்று சுற்றும். டாப் கியர் 1:1 என்றால் இன்ஜின் வேகம்:

• 3.07 ஆக்ஸில்: சுமார் 2,060 ஆர்.பி.எம்.
• 3.73 ஆக்ஸில்: சுமார் 2,500 ஆர்.பி.எம்.
• 4.11 ஆக்ஸில்: சுமார் 2,760 ஆர்.பி.எம்.

3.07-ல் நெடுஞ்சாலையில் இன்ஜின் அமைதியாக ஓடும், பெட்ரோல் மிச்சமாகும். 4.11-ல் இன்ஜின் எப்பவும் கத்திக்கொண்டே இருக்கும். ஆனால் அதே இன்ஜின், அதே கியரில், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை சுமார் 34 சதவீதம் அதிகம். இன்றைய வண்டிகளில் ஓவர் டிரைவ் கியர் இருப்பதால் இரண்டையும் ஓரளவு சேர்த்து அனுபவிக்கலாம். செவர்லே டிரக்கில் ஓவர் டிரைவ் உள்ள நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர் வந்தது 1982 மாடலில்தான். அதற்கு முன்னால் வாங்கியவர் ஆர்டர் படிவத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்: இழுவையா, ஓட்டமா?

ஜி80-யும் இதே மாதிரிதான். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பின் சக்கரங்களுக்கும் கிட்டத்தட்ட சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் இருந்து, அங்கே 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் பிடிப்பு இல்லையென்றால், காய்ந்த தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் ஏறக்குறைய அந்த 100-தான் கிடைக்கும். இன்ஜினில் எவ்வளவு குதிரைத் திறன் இருந்தாலும் பயனில்லை. ஒரு சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நகராது. ஜி80 இந்தச் சமநிலையை உடைத்து, பிடிப்புள்ள பக்கத்துக்கும் விசையை அனுப்புகிறது. ஆரம்பத்தில் கேட்ட வயல் கேள்விக்கு விடை இந்தக் குறியீட்டிலும் ஆக்ஸில் விகிதத்திலும் இருக்கிறது. குரோம் பம்பரில் இல்லை.

அப்போ எதை நம்புவது?

இது வெறும் ரசிகர் விளையாட்டு இல்லை. பழைய டிரக்குகள் இன்றைக்கு நல்ல விலைக்குப் போகின்றன. மேல்தட்டு டிரிமுக்குக் கூடுதல் விலை. பேட்ஜும் கிரில்லும் சீட் கவரும் புதிதாகத் தயாரித்து விற்கப்படுகின்றன. ஒரு ‘கஸ்டம்’ வண்டி ‘ஷையென் சூப்பர்’ ஆவதற்கு ஒரு வார இறுதி போதும். விலை மட்டும் பிரச்சினை இல்லை. பேட்ஜைப் பார்த்துப் பெரிய வண்டி என்று நினைத்து, அரை டன் டிரக்கில் முக்கால் டன் வண்டிக்கான பாரத்தை ஏற்றினால் ஸ்பிரிங்கும் பிரேக்கும்தான் பதில் சொல்லணும். அதனால் ஆதாரங்களை வரிசைப்படுத்திப் படிக்கணும்.

ஒன்று, வண்டி எண். 1967 முதல் 1972 வரையிலான செவர்லே டிரக்கில் இதன் அமைப்பு எளிது. முதல் எழுத்து ‘சி’ என்றால் இரண்டு சக்கர இயக்கம், ‘கே’ என்றால் நான்கு. அடுத்தது ‘எஸ்’ என்றால் ஆறு சிலிண்டர், ‘இ’ என்றால் வி-8. அடுத்த எண் 1 என்றால் அரை டன், 2 என்றால் முக்கால் டன், 3 என்றால் ஒரு டன். அப்புறம் 4 என்றால் பிக்கப். அடுத்தது வருடத்தின் கடைசி இலக்கம். பிறகு தொழிற்சாலை: ‘எஃப்’ என்றால் ஃபிளின்ட், ‘ஜே’ என்றால் ஜேன்ஸ்வில், ‘இசட்’ என்றால் ஃப்ரீமான்ட். கவனிச்சீங்களா? டிரிம் இதில் எங்கேயும் இல்லை!

இரண்டு, கிளவ் பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் காகிதம். அந்த வண்டியில் தொழிற்சாலை பொருத்திய ஆப்ஷன்களின் பட்டியல் அதில் இருக்கும். சர்வீஸ் செய்பவர் சரியான உதிரிபாகம் வாங்குவதற்காக ஒட்டியது. ஐம்பது வருடம் கழித்து அதுவே வண்டியின் பிறப்புச் சான்றிதழ் ஆகிவிட்டது. டேஷ்போர்டைப் புதுப்பிக்கிறேன் என்று அந்தக் கதவைத் தூக்கிப் போட்டால், வண்டியின் சரித்திரமும் குப்பைக்குப் போகுது.

மூன்று, உலோகம். எழுத்து பொய் சொல்லலாம். பாகத்தை எண்ணிப் பார்க்கலாம். சி-20 டிரக்கின் சக்கரத்தில் எட்டு போல்ட். சி-10-ல் 1970 வரை ஆறு, 1971-லிருந்து ஐந்து. அதே 1971-ல்தான் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வழக்கமான பாகமாக வந்தது. ஆக்ஸில் விகிதத்தையும் கையாலேயே கண்டுபிடிக்கலாம். வண்டியை நியூட்ரலில் வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்துவிடுங்க. சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் அந்தச் சக்கரத்தை முழுசா இரண்டு சுற்று சுற்றும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். மூணே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவா? 3.73. (ஏன் இரண்டு சுற்று? ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், டிஃபரன்ஷியல் மறு சக்கரத்தின் வேகத்தை இரண்டு மடங்காக்கும்.)

நான்காவதுதான் பேட்ஜ். கடைசியில் வைத்ததற்குக் காரணம், எளிதாகக் கழற்றி மாட்ட முடிந்த ஆதாரம் அது.

எந்த ஒன்றும் தனியாகப் போதாது. காகிதத்தைக்கூட புதிதாக அச்சடித்து ஒட்டலாம், ஆக்ஸிலை மாற்றலாம். வண்டி எண்ணும் காகிதமும் உலோகமும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மாறுபட்டால் அங்கேதான் விசாரணை ஆரம்பம்.

ஆப்ஷன் பட்டியல் ஏன் சுருங்கியது?

இவ்வளவு சுதந்திரம் கொடுத்த முறை ஏன் போச்சு? ‘வேண்டும், வேண்டாம்’ என்று பத்து ஆப்ஷன் இருந்தால் 1,024 விதமான வண்டிகள். இருபது இருந்தால் 10,48,576. எல்லாம் எல்லாவற்றோடும் சேராது என்ற விதிகளும் உண்டு. உதாரணமாக, அந்தக் காலத்து செவர்லேயில் பெரிய பிளாக் வி-8 இன்ஜினை நான்கு சக்கர இயக்க டிரக்கில் வாங்க முடியாது. விதிகளைக் கழித்த பிறகும் எண்ணிக்கை பயங்கரம். ஒவ்வொரு வண்டிக்கும் சரியான பாகம் சரியான நேரத்தில் அசெம்ப்ளி லைனுக்கு வரணும். அதற்குப் பெரிய கிடங்கு, நிறைய காகிதம், நிறைய தவறு. பத்து ஆப்ஷன்களை மூன்று பேக்கேஜாகக் கட்டிவிட்டால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும். அதனால்தான் காலப்போக்கில் ஆப்ஷன்கள் டிரிமுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டன. நமக்கு நல்ல விளக்கு மட்டும் வேணும். ஆனால் சன்ரூஃபுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

லாபம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்று பார்த்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. தரமும் விலையும் கட்டுக்குள் வந்தன. ஆனால் ஆடம்பரம் வேண்டாம், உழைக்கும் பாகம் மட்டும் போதும் என்று சொல்லும் விவசாயிக்கான கட்டம் படிவத்திலிருந்து மெல்ல மறைந்தது.

நீங்களே செய்து பாருங்க

விற்பவர் சொல்கிறார்: “1972 ஷையென் சூப்பர், நான்கு சக்கர இயக்கம், ஆறு சிலிண்டர்.” வண்டி எண்ணின் தொடக்கம்: சி, இ, 1, 4, 2, எஃப். சக்கரத்தில் ஐந்து போல்ட்.

‘2’ என்பதால் வருடம் சரி. ‘1’ என்பதோடு ஐந்து போல்ட்டும் பொருந்துகிறது, அரை டன்தான். ஆனால் ‘சி’ என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தது இரண்டு சக்கர இயக்கம். ‘இ’ என்றால் பிறந்தது வி-8 இன்ஜினோடு. ஆக இரண்டு விஷயம் இடிக்குது. ஷையென் சூப்பரா என்பதை வண்டி எண் சொல்லாது. கிளவ் பாக்ஸைத் திறக்கணும்.

இனி எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும், அது லேப்டாப்பாக இருந்தாலும் லேத்தாக இருந்தாலும், முகப்பில் எழுதிய பெயரைப் படித்தவுடன் நிறுத்தாதீங்க. உள்ளே என்ன பொருத்தியிருக்கு என்ற பட்டியல் எங்கே ஒட்டியிருக்குன்னு தேடுங்க. பெயர் விற்பவருக்காக எழுதியது. பட்டியல் ரிப்பேர் செய்பவருக்காக எழுதியது. நாம் ரெண்டாவது ஆள்.